சுவிட்சைப் போடுறது யார்?

ஒரு சின்னக் கேள்வியோட தொடங்குவம். உங்கட வீட்டு வொஷிங் மெஷினில் எந்த உடுப்புக்கு எந்த புரோகிராம் போடணும் என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரைஸ் குக்கரில் ஒரு சுண்டு அரிசிக்கு எவ்வளவு தண்ணி விடணும்? காஸ் முடியப் போகுது என்று முதலில் கவனிக்கிறது யார்?

பெரும்பாலான வீடுகளில் இந்த மூன்று கேள்விக்கும் விடை ஒரே ஆள்தான். அது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டுச் சாமான்கள் எங்கட வாழ்க்கையை எப்படி மாத்தினது என்று பேச்சு வந்தால் வழக்கமாக இரண்டு கதைகள் வரும். ஒன்று ஏக்கக் கதை. "அந்தக் காலத்தில அம்மியில அரைச்ச சம்பலின்ட ருசி இப்ப வருமா?" மற்றது விடுதலைக் கதை. "மெஷின் வந்த பிறகுதானே பொம்பிளைகளுக்கு நிம்மதி." இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனால் இரண்டு கதையும் ஒரு விஷயத்தைத் தொடாமலே போயிடும். மெஷின்கள் வேலை செய்யிற விதத்தை மாத்தின. வேலை செய்யிற ஆளை மாத்தவில்லை. எனக்கு இந்த இடத்தைப் பற்றித்தான் பேசணும்.

விறகு கொத்தினது யார்?

முதலில் ஏக்கக் கதையைப் பார்ப்பம். அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருவலை, சுளகு. யாழ்ப்பாணத்தில் இருந்து வெள்ளவத்தைக்கு வந்த குடும்பமோ, கொட்டாஞ்சேனையில் மூன்று நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பமோ, கல்கிசையில் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பமோ (அவங்களுக்கு அம்மி 'மிரிஸ் கல'), எல்லார் குசினியிலும் இவற்றில் பாதியாவது இருந்தது. புட்டுக்கு மா வேணும் என்றால் அரிசியை ஊறப் போட்டு, வடிச்சு, உரலில் இடிச்சு, அரிச்சு, வறுத்து எடுக்கணும். தோசைக்கு உளுந்து ஆட்டுக்கல்லில். சம்பலுக்கு அம்மி. ஒரு நாளைக்கு மூன்று வேளை. இதை 'அந்தக் காலத்து உடற்பயிற்சி' என்று வட்ஸ்அப்பில் அனுப்புற ஆக்கள் ஒரு நாளாவது உலக்கை பிடிச்சிருப்பாங்களோ தெரியாது. அது உடற்பயிற்சி இல்லை, உழைப்பு. அந்த அம்மி போனதுக்காக நான் அழப் போவதில்லை.

ஆனால் அந்தப் பழைய வீட்டில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. ஆம்பிளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டு வேலையில் ஒரு பங்கு இருந்தது. விறகு கொண்டு வந்து கொத்துறது, தேங்காய் உரிக்கிறது, கிணத்தில தண்ணி அள்ளுறது, வறுத்த மிளகாயை மில்லுக்குக் கொண்டுபோய்த் திரிச்சு வாறது. சமமான பங்கு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வேலைகள் நடக்காவிட்டால் அடுப்பு எரியாது. அது அப்பாவுக்கும் தெரியும், பத்து வயசுப் பெடியனுக்கும் தெரியும்.

இனி மெஷின்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்க. காஸ் அடுப்பு வந்தது. விறகு கொத்துற வேலை போனது. அடுப்புக்கு முன்னால நின்று சமைக்கிற வேலை போகவில்லை. தண்ணி மோட்டரும் குழாயும் வந்தன. அள்ளுற வேலை போனது. அந்தத் தண்ணியில் கழுவுற வேலை இருந்தது. பக்கெட்டில் மிளகாய்த்தூள் வந்தது. மில்லுக்குப் போற வேலை போனது. கறி காய்ச்சுற வேலை இருந்தது. உரிச்ச தேங்காய் கடைக்கு வந்தது. உரிக்கிறவர் ஓய்வு பெற்றார். திருவுறவர் ஓய்வு பெறவில்லை.

அதாவது வீட்டுக்குள் வசதி வர வர, முதலில் காணாமல் போனது ஆம்பிளைகளின் பங்கு.

இது எங்கட ஊருக்கு மட்டும் உரிய கதை இல்லை. ருத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் ஒரு புத்தகம் எழுதினார். 'அம்மாவுக்கு இன்னும் கூடின வேலை' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்க வீடுகளில் இரும்பு அடுப்பு வந்ததில் இருந்து வொஷிங் மெஷின் வந்தது வரைக்கும் நடந்ததை அவர் ஆராய்ந்தார். அடுப்பு மாறினபோது விறகு தேடும் ஆணின் வேலை குறைந்தது, ஆனால் ஒரே நேரத்தில் பல சாப்பாடு செய்யலாம் என்பதால் பெண்ணின் வேலை கூடினது. துவைக்கிற மெஷின் வந்தபோது சலவைக்கு வெளியில் கொடுத்த உடுப்பெல்லாம் வீட்டுக்கே திரும்பி வந்தது. சாமான் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் வேலையைக் குறைத்தது. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தால் வேலை முழுக்க ஒரே ஆளின் தலையில் வந்து விழுந்தது.

கொழும்பு வீட்டில் இதைச் சோதிச்சுப் பாக்கிறது லேசு. கையால தோய்ச்ச காலத்தில ஒரு ஷேர்ட்டை எத்தனை நாள் போட்டாங்க என்று அம்மம்மாவைக் கேளுங்க. இப்ப ஒரு தடவை போட்டதும் கூடைக்குள்ள. டவல் தனி, பெட்ஷீட் தனி, ஜிம்முக்குப் போற உடுப்பு தனி. மெஷின் தோய்க்குது என்பது சரி. உடுப்பைப் பிரிக்கிறது, போடுறது, எடுக்கிறது, காயப் போடுறது, மழை வந்தால் ஓடிப்போய் எடுக்கிறது, மடிக்கிறது, அவரவர் அலுமாரியில் வைக்கிறது எல்லாம் மெஷின் செய்யுதா?

மெஷினுக்கு முதல் இருந்த ஆள்

கொழும்புத் தமிழ் வீட்டைப் பற்றிப் பேசும்போது அமெரிக்கப் புத்தகத்தில் இருந்து மட்டும் எல்லாத்தையும் விளங்க முடியாது. எங்கட நடுத்தர வர்க்க வீடுகளில் மெஷின் வாறதுக்கு முதல் இன்னொரு ஆள் இருந்தாள். மலையகத்தில் இருந்து கூட்டி வந்த பிள்ளை.

நுவரெலியா, ஹற்றன், பதுளைப் பக்கத் தோட்டங்களில் இருந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகள் கொழும்பு வீடுகளுக்கு வந்தார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, கல்கிசை என்று எந்த இடமும் விலக்கில்லை. தமிழ் வீடு, சிங்கள வீடு, முஸ்லிம் வீடு என்ற வித்தியாசமும் இல்லை. "எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வச்சிருக்கிறம்" என்ற வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. அந்தப் பிள்ளை எங்க படுத்தாள், எந்தக் கோப்பையில் தேத்தண்ணி குடிச்சாள், சம்பளம் யார் கைக்குப் போனது என்று கேட்டால் அந்த வசனம் நிற்காது.

பழைய குடும்பப் படங்களில் இந்தப் பிள்ளைகள் கிட்டத்தட்ட இருக்க மாட்டார்கள். ஆனால் எங்கட பாட்டிமாரின் புகழ்பெற்ற சமையலுக்குப் பின்னால் அம்மியில் இருந்தது பல வீடுகளில் இந்தக் கைதான். 'அம்மியில் அரைச்ச ருசி' என்று ஏங்கும்போது யார் அரைச்சது என்பதையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்கொள்ளணும்.

சட்டம் இவர்களை எப்படிப் பார்த்தது? பிரித்தானியர் காலத்தில், 1871இல், வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்வதற்கு ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. வேலைக்காரரைப் பதிவேட்டில் போட்டு வைக்கிறதுதான் அதன் நோக்கம். அவரின் சம்பளமும் ஓய்வும் அதன் கவலை இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு எத்தனையோ தொழிற்சட்டங்கள் வந்தன. 2016இல் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தபோதும் வீட்டு வேலை செய்யிறவர்கள் வெளியிலேயே விடப்பட்டார்கள். வீட்டுப் பணியாளர்களுக்குக் கண்ணியமான வேலை என்ற சர்வதேச உடன்படிக்கையை சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றினது. பத்து வருஷம் தாண்டியும் இலங்கை அதில் சேரவில்லை. 2021 ஜூலையில், கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கிருந்த டயகமவைச் சேர்ந்த 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். அப்ப எல்லாரும் அதிர்ச்சியடைந்தோம். மலையகத்தில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. பிறகு?

இதை ஏன் இந்தக் கட்டுரைக்குள் கொண்டு வாறேன் என்றால், மெஷின்கள் பல வீடுகளில் பிடித்தது இந்தப் பிள்ளையின் இடத்தைத்தான். ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன, மத்திய கிழக்குக்குப் போகும் வழி வந்தது, படிப்பு கொஞ்சம் கூடினது. "இப்ப வேலைக்கு ஆக்களே கிடைக்கிறாங்கள் இல்ல" என்று கொழும்பு வீடுகள் புலம்பத் தொடங்கின. அந்தப் புலம்பலுக்குப் பதிலாகத்தான் வொஷிங் மெஷினும் கிரைண்டரும் வந்தன. பிள்ளை போனது நல்லது. ஆனால் அவள் விட்டுப்போன வேலையை வீட்டில் இருந்த நாலு பேரும் பங்கு போடவில்லை. மெஷினும் அம்மாவும் பங்கு போட்டார்கள்.

சாமான் வந்த வழி

1977இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. அதுக்கு முதல் பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற நாட்டில், கடைக் கண்ணாடிக்குள் பிரிட்ஜும் ரீவியும் வந்து நின்றன. 1979இல் சுயாதீன தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கினது. ஜப்பான் உதவியோடு 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. ரீவி இருந்த வீட்டு ஹோலில் அயலட்டம் முழுக்க வந்து இருந்து பாத்த கதையை அந்தத் தலைமுறை யாரும் சொல்லுவாங்க.

இதில் ரேடியோவுக்கும் ரீவிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. 1925இல் கொழும்பில் வானொலி தொடங்கினது. பிறகு இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாடே காது கொடுத்துக் கேட்டது. ரேடியோ குசினிக்குள் வரும். அம்மா கீரை ஆய்ஞ்சுகொண்டே பாட்டுக் கேக்கலாம், நாடகம் கேக்கலாம். ரீவி ஹோலில்தான் இருக்கும். அதுக்கு முன்னால வந்து இருக்கணும். இருக்க நேரம் உள்ள ஆளுக்குத்தான் அது. செய்திக்கு முன்னால அப்பா இருந்தார், கார்ட்டூனுக்கு முன்னால பிள்ளைகள் இருந்தார்கள். அம்மா குசினி வாசலில் கையைத் துடைச்சுக்கொண்டு நின்று பாத்தார். பல வீடுகளில் இன்றைக்கும் அப்படித்தான் பாக்கிறார்.

திறந்த பொருளாதாரத்தோடு இன்னொரு கதவும் திறந்தது. இலங்கைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சவூதி, குவைத், டுபாய் என்று வீட்டு வேலைக்குப் போனார்கள். 1990களில் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் பெரும்பான்மை பெண்கள். அவர்களிலும் அதிகம் பேர் வீட்டுப் பணிப்பெண்கள். யாரோ ஒருவரின் வீட்டில் வொஷிங் மெஷினும் வக்யூம் கிளீனரும் இயக்கி உழைச்ச காசில் தங்கட வீட்டுக்கு ஒரு ரைஸ் குக்கர், ஒரு ரீவி, ஒரு பிரிட்ஜ். அவள் அங்க இருந்த ரெண்டு வருஷமும் இங்க அவளின் வீட்டில் சமைச்சது யார் என்று கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் அவளின் அம்மா, அல்லது தங்கச்சி, அல்லது மூத்த மகள். கடல் தாண்டிப் போனாலும் வேலை பெண்ணிடம் இருந்து பெண்ணிடமே போகுது.

விடுதலைக் கதைக்கும் நியாயம் இருக்கு

இதுவரைக்கும் படிச்சிட்டு, இவருக்கு மெஷினே பிடிக்காது என்று நினைச்சிடாதீங்க. விடுதலைக் கதையில் இருக்கிற உண்மை பெரிய உண்மை.

ஹான்ஸ் ரோஸ்லிங் என்ற சுவீடன் நாட்டு மருத்துவர் 2010இல் வொஷிங் மெஷின் பற்றி ஒரு பேச்சுப் பேசினார். வீட்டுக்கு முதல் மெஷின் வந்த பிறகு, உடுப்பை உள்ளே போட்டிட்டு அம்மா தன்னை நூலகத்துக்குக் கூட்டிப் போனார் என்று சொன்னார். மெஷினில் உடுப்பைப் போட்டால் புத்தகம் வரும் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. இதை யாரும் மறுக்க முடியாது. கையால் தோய்க்கும் பெண்கள் கோடிக்கணக்கில் இருக்கும் உலகத்தில், மெஷின் வேண்டாம் என்று சொல்ல எனக்கும் உங்களுக்கும் உரிமை இல்லை.

ரைஸ் குக்கரைப் பாருங்க. 1955 டிசம்பரில் ஜப்பானில் தோஷிபா நிறுவனம் தானாக நிற்கும் மின்சார ரைஸ் குக்கரை விற்பனைக்கு விட்டது. அதை உருவாக்கினவர் மினாமி யோஷிததா என்று பதிவில் இருக்கும். ஆனால் திரும்பத் திரும்பச் சோறு ஆக்கி, வெப்பம் அளந்து, எத்தனை நிமிஷத்தில் சோறு பதமாகும் என்று கண்டுபிடிச்சது அவரின் மனைவி ஃபுமிகோ. வெயிலிலும் குளிரிலும் நடந்த அந்தச் சோதனைகள் இல்லாவிட்டால் அந்தச் சுவிட்ச் சரியான நேரத்தில் 'டக்' என்று விழாது. அதே 1950களின் நடுவில் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் மாவாட்டும் கிரைண்டரைச் செய்தார். ஆட்டுக்கல்லைக் கையால் சுத்தினதுக்குப் பதிலாக மோட்டர் சுத்தினது. இட்லி தோசை இல்லாமல் விடியாத வீடுகளுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

இன்னும் ஒரு மெஷின் இருக்கு, தையல் மெஷின். சிங்கர் கம்பனி இலங்கைக்கு 1877இலேயே வந்துவிட்டது. கட்டுக்காசுக்குக் கொடுத்ததால் சாதாரண வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. சீதனச் சாமானோடும் போனது, உண்மைதான். ஆனால் பிரிட்ஜும் ரைஸ் குக்கரும் செய்யாத ஒரு வேலையைத் தையல் மெஷின் செய்தது. பெண்ணின் கைக்குக் காசு கொண்டு வந்தது. போரில் கணவனை இழந்த, ஊர்விட்டு ஊர் வந்த எத்தனையோ பெண்கள் பிள்ளைகளை ஆளாக்கினது அந்த மெஷினின் மிதியில்தான். எந்த மெஷின் பெண்ணை மாத்தினது என்று கேட்டால் என் வாக்கு இதுக்குத்தான். ஏனென்றால் மற்ற மெஷின்கள் அவளின் நேரத்தை மிச்சம் பிடிச்சு வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தன. இது மட்டும்தான் அவளுக்கே ஏதாவது கொடுத்தது.

மிச்சம் பிடிச்ச நேரம் யாருக்குப் போகுது என்பதுதான் பிரச்சினை. தமிழ்நாட்டில் 2011இல் ஜெயலலிதா அரசாங்கம் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுத்தது. ஏழை வீடுகளுக்கு அது பெரிய உதவி, அதைக் கேலி பண்ணுறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தத் திட்டமும் வீட்டுப் பெண்களுக்கானது என்றே அறிவிக்கப்பட்டது. மிக்சி என்றால் பெண்ணுக்கு. இங்க அன்னையர் தினத்துக்கு வாற கழிவு விலை விளம்பரங்களைப் பாருங்க. 'அம்மாவுக்குப் பரிசு' என்று பிளெண்டர், ஓவன், அயன். அப்பாவுக்கு யாராவது பிறந்தநாளுக்கு அயன் பொக்ஸ் வாங்கிக் கொடுத்த கதை கேள்விப்பட்டிருக்கிறீங்களா?

2022 வைச்ச பரீட்சை

ஒரு மெஷின் எவ்வளவு தூரம் வீட்டை மாத்தியிருக்கு என்று பாக்க நல்ல வழி, அதை ஒரு நாள் எடுத்துவிட்டுப் பாக்கிறது. 2022இல் நாடே அந்தச் சோதனைக்குள் போனது.

2021 கடைசியில் காஸ் வெடிப்புச் செய்திகள் நாளுக்கு நாள் வந்தன. அடுப்பைப் பத்த வைக்கவே பயம். ஆனால் பத்த வைக்காமல் இருக்க முடியாத ஆள் வீட்டில் ஒருவர் இருந்தார். பிறகு காஸே இல்லை. 1,500 ரூபாவுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபா. அந்த விலைக்கும் வாங்க வரிசை. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது.

வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்க அடுக்குமாடிகளில் இருந்தவர்களுக்கு இது இன்னும் மோசம். பிளட்டுக்குள் விறகு அடுப்பு மூட்ட முடியாது. அம்மியை எப்பவோ விட்டாச்சு. கரண்ட் இல்லையென்றால் ரைஸ் குக்கர் இல்லை, கிரைண்டர் இல்லை, தண்ணி மேல ஏறாது, லிப்டும் இல்லை. காஸ், கரண்ட், குழாய் மூன்றையும் நம்பிக் கட்டின வீடு மூன்றும் ஒன்றாக நின்றபோது வெறும் சுவராகத்தான் இருந்தது. முற்றமும் கிணறும் இருந்த வீட்டுக்காரர் பரவாயில்லை. ஊரில் விறகு அடுப்பை விடாதவங்க இன்னும் பரவாயில்லை. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே இலங்கை வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகில்தான் சமைச்சன. கொழும்பு பிளட்டில் இருந்து பாத்தால் இந்த எண் நம்ப முடியாத மாதிரி இருக்கும்.

அந்த மாதங்களில் வேலை எப்படிப் பிரிஞ்சது? சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றதில் ஆம்பிளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். பெற்றோல் வரிசையிலும். விறகு கொத்துற பழைய பங்கு வேறு உருவத்தில் திரும்பி வந்தது. அதை மதிக்கத்தான் வேணும், வெயிலில் நின்று செத்துப்போனவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள்? மின்வெட்டு அட்டவணையைப் பாத்து, கரண்ட் இருக்கிற ரெண்டு மணித்தியாலத்துக்குள் சோறு, கறி, அயன், தண்ணி நிரப்புறது எல்லாத்தையும் முடிக்கணும். அது விடியக் காலை மூன்று மணியாக இருந்தால் மூன்று மணிக்கு எழும்பணும். எழும்பினது யார்? உங்கட வீட்டை நினைச்சுப் பாருங்க.

வரிசை முடிந்தது. ஆம்பிளைகளின் பங்கும் வரிசையோடு முடிந்தது. பிறகு 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடினது, 2023 பெப்ரவரியில் திரும்ப 66 வீதம். சோறு குக்கரிலா காஸிலா, எதில் வைச்சால் லாபம்? அயன் கிழமைக்கு எத்தனை தரம்? பிரிட்ஜை இரவில் நிப்பாட்டலாமா? இந்தக் கணக்குகளும் ஒரு வேலை. கையில் எடுக்க முடியாத, கண்ணுக்குத் தெரியாத வேலை. அதைச் செய்ய இன்னும் எந்தக் கம்பனியும் மெஷின் விற்கவில்லை.

'எனக்குத் தெரியாது' என்பது விடையில்லை

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் முதல் தடவையாக நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று செய்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஆண்களை விட மிகக் கூடுதலான நேரம் செலவழிக்கிறார்கள் என்று அது காட்டினது. எந்த அம்மாவும் கணக்கெடுப்பு இல்லாமலே சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம். இலங்கைப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் தொழிற்படையில் இருக்கிறார். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். பெண் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு அதிகம் போகிற நாட்டில் இது. படிச்ச படிப்பு எங்க போகுது என்று தேடினால், ஒரு பகுதி குசினி மேசையில்தான் இருக்கும்.

"ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழக்கமில்லை" என்பது வழக்கமான பதில். இந்தப் பதில் பொய் என்று எங்கட சமூகத்துக்கே நல்லாத் தெரியும். கல்கிசையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கூடக் கழுவாத பெடியன் லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போய் ஒரு மாதத்தில் நாலு பேர் இருக்கிற அறையில் முறை வைச்சுச் சமைக்கிறான். உடுப்புத் தோய்க்கிறான். வீடியோ கோலில் அம்மாவிடம் பருப்புக்கு எத்தனை விசில் என்று கேட்டுக் குறிச்சு வைக்கிறான். அப்படியென்றால் கட்டுநாயக்காவில் பிளேன் ஏறும்போது மட்டும் திறமை எங்கிருந்து வந்தது? திறமை எப்பவும் இருந்தது. இங்க தேவை இல்லை, அவ்வளவுதான். ஏனென்றால் இங்க ஒருவர் எல்லாத்தையும் செய்துகொண்டிருந்தார்.

உண்மையில் மெஷின் காலத்தில் சாட்டுகள் இன்னும் பலவீனம். உலக்கை பிடிக்கப் பலம் வேணும், அம்மியில் அரைக்கப் பழக்கம் வேணும் என்று ஒரு காலத்தில் சொல்லியிருக்கலாம். சுவிட்ச் போட என்ன வேணும்? பத்து வயசுப் பிள்ளைக்கு போனில் எந்த அப்பையும் திறக்கத் தெரியும். ரைஸ் குக்கரில் இருக்கிறது ஒரே ஒரு சுவிட்ச்.

நாங்க செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், 'அம்மாவுக்கு ஹெல்ப் பண்ணுங்க' என்று நான் சொல்ல மாட்டேன். ஹெல்ப் என்ற சொல்லிலேயே அது அவவின் வேலை என்பது ஒளிஞ்சிருக்கு. அதுக்குப் பதிலாக ஒரு மெஷினைப் பொறுப்பெடுங்க. முழுக்க. வொஷிங் மெஷின் என்றால் கூடை நிறைஞ்சிட்டுது என்று கவனிக்கிறதில் இருந்து மடிச்சு அலுமாரியில் வைக்கிறது வரைக்கும். பவுடர் முடியப் போகுது என்று கவனிக்கிறதும் அதுக்குள்ள அடங்கும். "அம்மா, எதை எதோட போடணும்?" என்று முதல் கிழமை கேட்கலாம். மூன்றாவது கிழமையும் கேட்டால் அது பொறுப்பு இல்லை.

வீட்டில் வேலைக்கு ஆள் இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவருக்குச் சம்பளம் எவ்வளவு, யார் கைக்குப் போகுது, கிழமையில் ஒரு நாள் லீவு இருக்கா, எத்தனை மணிக்கு வேலை முடியுது, எங்க படுக்கிறார். அப்பா அம்மாவிடம் நேராகக் கேளுங்க. சட்டம் வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. சம்பளத்தையும் லீவையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட எந்த வீட்டுக்கும் சட்டம் தடை இல்லை. பதினாறு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை என்றால் கேள்வியே இல்லை, அது குற்றம்.

இன்னும் சில வருஷங்களில் எங்கட தலைமுறை தனிக்குடித்தனம் போகும். பிளட் எடுப்பம், கட்டுக்காசுக்கு பிரிட்ஜும் வொஷிங் மெஷினும் எடுப்பம். எந்தப் பிராண்ட், எத்தனை கிலோ, இன்வேட்டரா இல்லையா என்று பத்து ரிவியூ பாத்துத்தான் எடுப்பம். அதோடு சேர்த்து இதையும் ஒரு தரம் பேசிக்கொள்வம்: வீட்டுக்கு வந்த பிறகு அதன் சுவிட்சை யார் போடுறது?